கழுவிப் போடும் ஏர் ஃபில்டர்: எந்த வண்டிக்கு எது?

ஏர் ஃபில்டர் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ‘கூடுதல் காற்று, கூடுதல் இழுவை’ என்று போட்டிருந்தால், நான் உடனே பெட்டியைத் திருப்பிப் பார்ப்பேன். ஏர் ஃபில்டர்களுக்கான சர்வதேசத் தரச் சோதனையான ஐ.எஸ்.ஓ. 5011-இன்படி எத்தனை சதவீதத் தூசியைப் பிடிக்கிறது, எந்த ரகத் தூசியை வைத்துச் சோதித்தார்கள் என்ற இரண்டு விவரமும் அங்கே இருக்க வேண்டும். எவ்வளவு காற்றை விடுகிறது என்று பெருமையடிப்பவர்கள், எவ்வளவு மண்ணை விடுகிறது என்று சொல்வதில்லை.

என்னிடம் ஓடுபவை இரண்டு டீசல் வண்டிகள். ஒன்று தார்ச்சாலையை விட்டு இறங்காத சரக்கு லாரி. மற்றது குவாரிக்கும் கிரஷருக்கும் நடுவே புழுதியிலேயே புரளும் டிப்பர். எண்ணெய் பூசிய பருத்தி ஃபில்டர், எண்ணெய் தேவைப்படாத செயற்கை இழை ஃபில்டர் என்று கழுவிப் பயன்படுத்தும் இரண்டு வகையையும் இவற்றில் போட்டு ஓட்டியாகிவிட்டது.

முதலில் அந்தச் சதவீதக் கணக்கு. ஒரு ஃபில்டர் 99.5 சதவீதம் பிடிக்கிறது, இன்னொன்று 98 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் 100 கிராம் தூசி வந்தால் முதலாவது அரை கிராமை உள்ளே விடும். இரண்டாவது 2 கிராமை விடும். நான்கு மடங்கு! 6 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் 2,000 சுற்றில் நிமிடத்துக்குச் சுமார் 6,000 லிட்டர் காற்றை இழுக்கும். காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும் டர்போ முழுமூச்சில் அழுத்தினால் அது இரட்டிப்பாகக்கூடும். கல் தூசியில் கடினமான சிலிக்கா கலந்திருக்கும். முதலில் டர்போவின் இறக்கை விளிம்பை அரிக்கும். பிறகு பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரின் உட்சுவரான லைனரையும் தேய்க்கும். வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்து, புகை தள்ளும்போதுதான் நமக்குத் தெரியவரும். பழைய ஆயிலைச் சோதனைக்குக் கொடுப்பவர்களுக்கு அதில் சிலிக்கான் அளவு ஏறுவது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பருத்தி ஃபில்டருக்கு வருவோம். கம்பி வலைகளுக்கு நடுவே பருத்தித் துணியை அடுக்கடுக்காக மடித்து, எண்ணெய் பூசியிருப்பார்கள். எண்ணெயில் தூசி ஒட்டிக்கொள்ளும். 1969இல் கலிபோர்னியாவில் தொடங்கிய கே அண்ட் என் நிறுவனத்தால் பிரபலமான வகை இது. காற்று தாராளமாகப் போகிறது, ஆயுளும் அதிகம். அதில் எனக்குக் குறை இல்லை. என் பொறுமையைச் சோதித்தது அதன் பராமரிப்புதான். அதற்கென்று விற்கும் கரைசலைத் தெளித்து ஊறவிட்டு, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாகத் தண்ணீரை மெதுவாக விட வேண்டும். மாற்றி விட்டால் மண் துணிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். கம்ப்ரஸர் காற்றோ சூடோ காட்டாமல் தானாக உலரவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு மடிப்பின் முதுகிலும் சிவப்பு எண்ணெயைக் கோடாக விட்டு, அது துணிக்குள் பரவுவதற்காகக் காத்திருக்க வேண்டும். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் ஓரங்களில் வெளிறிய திட்டுகள் தெரியும். அங்கே மட்டும் மறுபடி ஒரு தொடுகை. கூடுதலாக ஊற்றினால் எண்ணெய் காற்றோடு போய், காற்றின் அளவைக் கணக்கிடும் சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்துவிடும். குறைவாக ஊற்றினால் அந்தத் திட்டின் வழியே மண் நுழையும். கழுவிய ஃபில்டர் உலரும்வரை வண்டி சும்மா நிற்க முடியாது. எனவே ஒரு உபரி ஃபில்டர் வேண்டும். ‘ஒருமுறை வாங்கினால் போதும்’ என்ற விளம்பரக் கணக்கில் இந்த இரண்டாவது ஃபில்டரும் கரைசலும் எண்ணெயும் சேர்வதே இல்லை.

எண்ணெய் தேவைப்படாத உலர் வகையில் இந்தத் தொல்லை பாதிக்கும் கீழே. கழுவி, உலர்த்தி, மாட்டிவிடலாம். சரக்கு லாரியில் இப்போது இருப்பது இதுதான், அதையே தொடரப்போகிறேன். இழுவை கூடியதா என்றால், டர்போவின் விசில் கொஞ்சம் பலமாகக் கேட்கிறது, அவ்வளவுதான். டீசல் செலவு பழையபடியே இருக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009இல் வெளியிட்ட சோதனையில், நவீன பெட்ரோல் கார்களில் ஃபில்டர் அடைத்துக்கொண்டபோதுகூட மைலேஜ் பெரிதாகக் குறையவில்லை, வேகமெடுப்பதுதான் மந்தமானது. ஆகவே மைலேஜ் ஆசை காட்டி விற்பவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

டிப்பருக்கு இரண்டு வகையுமே வேண்டாம். பெரிய காகித ஃபில்டர், அதற்குள்ளே பாதுகாப்புக்கு ஒரு சின்ன ஃபில்டர் என்று தயாரிப்பாளர் கொடுத்த ஏற்பாட்டுக்கே திரும்பிவிட்டேன். புழுதியில் ஓடும் வண்டிக்குக் கழுவும் ஃபில்டர் போட்டால் கழுவுவதே முழுநேர வேலையாகிவிடும்.

“அண்ணா, ஏர் அடித்துப் போட்டுவிடட்டுமா?” என்று டிரைவர் இப்போதும் கேட்பார். கூடாது. கம்ப்ரஸர் வேகத்தில் காகிதம் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். மேலும், லேசாகத் தூசி படிந்த காகிதம் புதியதைவிட நன்றாகவே வடிகட்டும். அடைப்பைக் காட்டும் மானி சிவப்புக்கு வந்த பிறகு மாற்றினால் போதும்; பல கனரக என்ஜின்களில் அது 25 அங்குல உயர நீரின் அழுத்தத்துக்குச் சமமான தடையை ஒட்டி வரும். சும்மா சும்மா திறந்து பார்ப்பதும் கெடுதல்தான், திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் மண் உள்ளே உதிர்கிறது.

வாங்கப் போகும்போது பழைய ஃபில்டரைக் கையோடு கொண்டுபோங்கள். உயரம், வெளிவட்டம், ரப்பர் விளிம்பின் தடிமன் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாட்டிச் சில நாள் ஓட்டிய பிறகு, ஃபில்டருக்கு அப்பால் உள்ள குழாயின் உட்புறத்தை ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் மண் ஏறினால் பெரும்பாலும் விளிம்பு சரியாக உட்காரவில்லை என்று பொருள். துணியும் இழையும் கழுவக் கழுவத் தாங்கும்; விளிம்பு ரப்பர் இறுகிவிட்டால் முழு ஃபில்டரையும் தூக்கிப் போட வேண்டியதுதான். அந்த ரப்பர் தனியாகக் கிடைக்குமா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். என்னுடையதற்குக் கிடைக்கவில்லை.