இரண்டு நிமிட த்ரில்லர்: கரையோர ரயில் பாதையா, வெள்ளவத்தைத் தொடர்மாடியா?

கேம்பிரிட்ஜ் ஏ.எஸ். (உயர்தரத்தின் முதல் பாதி) ஊடகக் கற்கையில் ஒரு வேலை உண்டு: இல்லாத ஒரு படத்துக்குத் தொடக்கம் எடுப்பது. டைட்டில்களோடு சேர்த்து அதிகபட்சம் இரண்டு நிமிடம். காட்சியும் ஒலியும் மாணவர்கள் தாங்களே உருவாக்கியவையாக இருக்க வேண்டும். பதிப்புரிமைச் சிக்கல் இல்லாத இசைக்கும் ஒலிகளுக்கும் மட்டும் விலக்கு. பரீட்சைக்காக இல்லாமல் சும்மா ஆசைக்கு எடுக்கிறவர்களும் இந்த அளவுக்குள் நின்றால் நல்லது. எந்த வகைப் படம் என்று கேட்டால் கொழும்புப் பிள்ளைகள் பலர் யோசிக்காமல் சொல்வது உளவியல் த்ரில்லர். நியாயமான தெரிவுதான். பேய் மேக்கப் வேண்டாம், சண்டைக் காட்சி வேண்டாம், இரண்டு நடிகர்களும் ஒரு கதவும் போதும். எங்கே, எதில், எந்த நேரத்தில் எடுப்பது என்று வரும்போதுதான் குழுவுக்குள் சண்டை தொடங்கும்.

அதற்கும் முன்னால் தீர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: ஓட்டமா, சந்தேகமா? முதலாவதில் முகமூடி போட்டவன் துரத்துவான், பெண் ஓடுவாள், திரும்பிப் பார்ப்பாள், விழுவாள். இரண்டாவதில் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஏதோ ஒன்று மட்டும் கணக்குக்கு வராது. என் ஓட்டு இரண்டாவதற்கு. துரத்தல் காட்சியில் 'உளவியல்' எங்கே இருக்கிறது? அதோடு தெருவில் விளையாட்டுக் கத்தியோடு ஓடினால் கூட்டம் கூடும், பொலிசும் வரும்.

சந்தேகம் என்று நான் சொல்வது இந்த மாதிரி. நாலு பேர் வசிக்கும் வீடு. மகள் ரியூஷன் முடிந்து வருகிறாள், வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள். உள்ளே அம்மா, அப்பா, தம்பி சாப்பாட்டு மேசையில். அவள் கதவைப் பூட்டத் திரும்பும்போது கமரா கீழே இறங்குகிறது. ஐந்து சோடி செருப்பு. ஐந்தாவது ஈரமாக இருக்கிறது. வெளியே மழை இல்லை. செலவு ஒரு சோடி பாட்டா, ஒரு கோப்பைத் தண்ணீர்.

சரி, இடத்துக்கு வருவோம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கரையோர ரயில் பாதை. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று கடலை ஒட்டியே போகிறது. மாலையில் சூரியன் நேரே கடலுக்குள் இறங்கும். ஆளைக் கடல் பக்கம் நிறுத்தி, பாதையை ஒட்டிய மரைன் டிரைவ் வீதிப் பக்கமிருந்து எடுத்தால் முகம் தெரியாத கறுப்பு உருவம் ஒன்று இலவசமாகக் கிடைக்கும். அழகு என்று பார்த்தால் கொழும்பில் இதை அடிக்க இடமில்லை.

ஆனால் அந்த அழகு ஒரே ஒரு ஷொட்டுக்குத்தான். கொழும்பில் சூரியன் மறைந்து இருபது நிமிடத்தில் இருட்டிவிடும். முதல் ஷொட்டில் வானம் ஆரஞ்சு, மூன்றாவதில் ஊதா, ஐந்தாவதில் ஒன்றுமே தெரியாது. ஒட்டி வைத்தால் ஒரே காட்சி மாதிரி இருக்காது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மைக்கில் மோதிக்கொண்டே இருக்கும், லென்ஸில் உப்புப் படியும். எல்லாவற்றுக்கும் மேல், தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம். அந்தப் பாதையில் செல்ஃபி எடுக்கப்போய் உயிரை விட்டவர்களும் உண்டு. நிலையத்துக்குள் எடுக்க ரயில்வே திணைக்களத்திடம் அனுமதி கேட்க வேண்டும், அது பரீட்சைத் தவணைக்குள் வருமா என்பது வேறு கதை.

கோட்டைப் பக்கம் போனால் அரச கட்டடங்கள், காவல் அரண்கள். ட்ரைபொட் விரித்ததும் அடையாள அட்டை கேட்பார்கள், தமிழ்ப் பெயர் இருந்தால் இன்னும் இரண்டு கேள்வி சேர்ந்து வரும். புறக்கோட்டையில் எல்லோரும் கமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். பாடசாலை நடைபாதை பரவாயில்லை, சனிக்கிழமையில் வெறுமையாக இருக்கும். ஆனால் அதிபரின் அனுமதி வேண்டும், சீருடையும் சின்னமும் படத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போதாததற்கு, அந்த வெறும் நடைபாதையை ஏற்கெனவே எத்தனையோ பேர் எடுத்துவிட்டார்கள்.

வெள்ளவத்தைத் தொடர்மாடியை யாரும் முதலில் சொல்வதில்லை, அது வீடு என்பதால். எனக்கு அதுதான் முதல் தெரிவு. ஒரே மாதிரிக் கதவுகள் வரிசையாக நிற்கும் நடைபாதை, இரும்புக் கிரில் கேட், கண்ணாடி பதித்த லிஃப்ட், கதவில் சின்ன ஓட்டை. கிரில்லின் நிழல் சுவரில் விழுவதற்கு ஒரு டோர்ச் போதும். லிஃப்ட் கண்ணாடியில் நடிகை தன்னைப் பார்க்கும்போது பின்னால் கதவு மூடுவதை ஒரே ஷொட்டில் காட்டலாம். கமரா கண்ணாடியில் தெரியாமல் இருக்கத் தோள் உயரத்தில் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அனுமதிக்குச் செக்யூரிட்டி அங்கிளிடமும் முகாமைத்துவக் குழுவிலும் பேசினால் சரி. பக்கத்து வீட்டு அன்டி மூன்று தடவை எட்டிப் பார்ப்பார். நாலாவது தடவை அவரையே நடிக்கக் கூப்பிடுங்கள்.

இரவுக் காட்சியை இரவில் எடுப்பதா, பகலில் எடுப்பதா என்பதற்கும் உள்ளிடம் பதில் வைத்திருக்கிறது. உண்மையான இரவில் எடுத்தால் பிள்ளைகளை வீட்டில் விடமாட்டார்கள், போன் கமராவின் படமும் இருட்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதே அறையின் ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, ஒரு மேசை விளக்கை மட்டும் போட்டு, பகல் பதினொரு மணிக்கு எடுத்தால் இரவு இரண்டு மணி என்று யாரும் நம்புவார்கள். நாள் முழுக்க அந்த 'இரவு' மாறாது. வெளி ஷொட் ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால் விடியலில் எடுங்கள்: மாலையில் கிடைக்கும் அதே நீல வெளிச்சம், ஆனால் தெருவில் ஆள் இல்லை.

கமராவா, போனா? கையில் டி.எஸ்.எல்.ஆர். (லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கமரா) இருப்பவரைக் குழுவில் சேர்ப்பதற்காகவே சில நட்புகள் தொடங்குகின்றன. அதில் உண்மையான நன்மை இருக்கிறது: அகலத் திறக்கும் சாதாரண 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் போட்டால் முகத்துக்குப் பின்னால் இருப்பது கரைந்துவிடும், பின்னால் நிற்பது ஆளா துணியா என்று தெரியாது. இந்த வகைப் படத்துக்கு அது பெரிய ஆயுதம். போனின் 'சினிமா' மங்கலைக் கணினிதான் செய்கிறது. தலைமயிர் ஓரத்தில் பிடிபட்டுவிடும். மறுபக்கம், அந்த லென்ஸுக்குத் தொடர்மாடி அறை போதாது. சிறிய சென்சர் கமராவில் அது 80 மி.மீ. போல நடந்துகொள்ளும், சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும் முகம் மட்டும்தான் வரும். போனின் அகன்ற லென்ஸ் லிஃப்டுக்குள்ளும் நடைபாதையிலும் தாராளமாக வேலை செய்யும். ஆகவே போனையே முதல் கமராவாக வைத்து, மங்கலான முகம் வேண்டிய இரண்டு மூன்று ஷொட்டுக்கு மட்டும் டி.எஸ்.எல்.ஆரை இரவல் வாங்குவேன்.

ஒன்றை மறக்காமல் மாற்றுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்; ரியூப் லைட்டும் மலிவான எல்.ஈ.டி.யும் நொடிக்கு நூறு தடவை மினுங்கும். போன்கள் வழக்கமாக நொடிக்கு 30 ஃப்ரேமில் எடுப்பதால் சுவரில் பட்டை பட்டையாக ஓடும். 25 ஃப்ரேம், ஷட்டர் வேகம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒன்று என்று வைத்தால் அது நின்றுவிடும். ஐபோனில் 25 ஃப்ரேம் கிடைக்க 'Show PAL Formats' என்ற தெரிவை முதலில் திறக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் பிளாக்மேஜிக் கமரா செயலியில் ஷட்டரையும் பூட்டிவைக்கலாம்.

லென்ஸுக்காகச் சண்டை பிடிப்பவர்கள் ஒலிக்காக அரை மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. இந்தப் படம் நிற்பதோ விழுவதோ அதில்தான். இணையத்தில் இலவசமாக எடுத்த 'திகில் இசை'யை இரண்டு நிமிடமும் ஓடவிடலாம். அது மின்தூக்கி விளம்பரத்துக்கும் பொருந்தும், உங்கள் படத்துக்கும் பொருந்தும். இல்லையென்றால் வீட்டின் ஒலிகளையே எடுக்கலாம். இன்னொரு போனைச் சட்டைப் பைக்குள் வைத்தோ கட்டிலுக்கு அடியில் வைத்தோ பதியுங்கள்: தண்ணீர் மோட்டர் நிற்கும் சத்தம், கிரில் கேட்டின் தாழ்ப்பாள், மின்விசிறியின் ஒரு இதழ் மட்டும் உரசுவது. பிறகு யாரும் பேசாமல் அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம். எடிட்டிங்கில் ஷொட்களை ஒட்ட வைக்கும் பசை அந்த ஒரு நிமிடம்தான்.

படப்பிடிப்பைக் கெடுக்க வருவது சூன் பாண் ஓட்டோ, மெட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பாண் விற்கும் வண்டி. டேக் நன்றாகப் போகும் நேரம் பார்த்து பீத்தோவனின் 'ஃபர் எலிஸ்' சந்துக்குள் நுழையும். விரட்ட முடியாது, காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அதையே எடுத்துக்கொண்டால்? கொழும்பில் வளர்ந்த யாருக்கும் அந்த மெட்டு என்றால் பின்னேரம், பாண், தேநீர். அதைச் சுவர்க் கடிகாரம் இரவு 2.10 காட்டும்போது ஜன்னலுக்கு வெளியே மெதுவாகக் கேட்கச் செய்யுங்கள். பீத்தோவன் இறந்தது 1827இல், மெட்டுக்கு உரிமைப் பிரச்சினை இல்லை. யாருடைய பதிவையும் எடுக்காமல் வீட்டுக் கீபோர்டில் நீங்களே வாசித்து, போன் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அடுத்த அறையிலிருந்து திரும்பப் பதிந்தால் தூரத்துச் சத்தமாகிவிடும்.

நடிப்பு விடயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நண்பியைப் பயப்படச் சொல்லாதீர்கள், நாடகப் போட்டி மாதிரி வரும். ஒன்றும் செய்யாமல் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டினால் பார்ப்பவர்களே அதில் உணர்ச்சியைப் படித்துக்கொள்வார்கள் என்று ரஷ்யாவின் லெவ் குலெஷோவ் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே காட்டிவிட்டார்.

டைட்டில்களைக் கறுப்புத் திரையில் ஒன்றாகப் போட்டுவிட்டுப் படத்தைத் தொடங்கலாம், அல்லது ஷொட்களுக்கு நடுவே தூவலாம். இரண்டே நிமிடத்தில் முப்பது வினாடியைக் கறுப்புக்குக் கொடுப்பது வீண். தூவுங்கள், கதவோரம், படிக்கட்டுச் சுவர் என்று வெறுமையான பக்கத்தில் சின்ன எழுத்தில். தமிழில் போடுவதானால் முதலில் 'கொ', 'யூ' போன்ற எழுத்துகளை அடித்துப் பாருங்கள், சில எடிட்டிங் மென்பொருட்களில் கொம்பு, கால் போன்ற குறிகள் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கும். பிரிந்தால் வேறு மென்பொருளில் எழுதிப் படமாகச் சேமித்து மேலே ஒட்டுவது வேகமான வழி.

முடிவில் படத்தின் பெயர் எப்போது வரவேண்டும் என்று ஒரு சண்டை வரும். கதவு திறந்து அந்த ஐந்தாவது ஆளைக் காட்டியபின் என்று ஒருவர் நிற்பார். கைபிடி திரும்பத் தொடங்கும்போதே வெட்டிப் பெயரைப் போடுங்கள். ஆளைக் காட்டினால் அதற்கு ஒரு நடிகர் வேண்டும், உடை வேண்டும், இன்னொரு சனிக்கிழமையும் வேண்டும்.