புது ஜெனரேட்டர் என்று டிராலியில் ஓடிய பழைய செட்டை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்

திருநெல்வேலிப் பக்கம், தாமிரபரணிக் கரையை ஒட்டிய ஒரு சின்ன நகராட்சி. அங்கே பாதாளச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறேன். நிலையத்தை ஓட்டுவது ஒப்பந்தம் எடுத்த கம்பெனி. எனக்குச் சம்பளமும் அவர்கள்தான். ஊர் பெயரையும் ஜெனரேட்டர் விற்றவர் பெயரையும் எழுதப் போவதில்லை, போலீசில் மனு கொடுத்திருக்கிறோம். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த செட்டைச் சோதித்தேன், திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

2023 டிசம்பர் 17, 18 பற்றி நம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு மாட்டிக்கொண்டது. எங்கள் பழைய 82.5 கேவிஏ திறன் கொண்ட ஜெனரேட்டர் தரையோடு தரையாக இருந்ததால் மூழ்கிப்போனது. தண்ணீர் வடிந்ததும் எல்லாருக்கும் ஒரே அவசரம்: அடுத்த மழைக்குள் புது செட் வேண்டும், ஐந்தடி மேடை கட்டி அதன்மேல் வைக்க வேண்டும். அந்த அவசரம் விற்கிறவர்களுக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் கணக்கு இது. சாக்கடைத் தண்ணீர் வந்து சேரும் கிணறு மாதிரியான சம்பில் இருந்து தண்ணீர் ஏற்றும் பம்ப் 22 கிலோவாட், இரண்டு ஓடும். கழிவைத் தின்னும் கிருமிகள் இருக்கும் தொட்டிக்குக் காற்று கொடுக்கும் ப்ளோயர் 37 கிலோவாட், ஒன்று. சில்லறை மோட்டார்கள், லைட் எல்லாம் சேர்த்து 15. மொத்தம் 96 கிலோவாட். கேவிஏயில் எத்தனை பங்கு கிலோவாட்டாகக் கிடைக்கும் என்பதுதான் பவர் ஃபேக்டர். அது 0.8 என்றால் 120 கேவிஏ. பிறகு ஏன் 160 கேட்டோம்? மோட்டார் ஓடும்போது இழுக்கும் கரண்ட் வேறு, கிளம்பும்போது இழுக்கும் கரண்ட் வேறு. ப்ளோயர் ஓடும்போது 65 ஆம்பியர்தான். நேரடியாகப் போட்டால் கிளம்பும்போது ஆறு மடங்கு, 400 ஆம்பியருக்குப் பக்கம் போய்விடும். 160 கேவிஏ செட் மொத்தமாகக் கொடுக்க முடிந்ததே 222 ஆம்பியர். அதனால்தான் மோட்டாரைக் குறைந்த வோல்டேஜில் கிளப்பி, பிறகு முழு வோல்டேஜுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். அதில் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அதோடு பெரிய மோட்டாரை முதலில் கிளப்பி, பத்துப் பத்து விநாடி விட்டு மற்றதை ஒவ்வொன்றாகக் கொண்டுவரும் டைமர்களும் பேனலில் வேண்டும் என்று கேட்டிருந்தோம். கொட்டேஷனில் டைமருக்குத் தனியாக விலை போட்டு வாங்கிக்கொண்டார்கள். பேனலில் டைமர் இருக்க வேண்டிய இடம் காலி. அதைக்கூட நான் ஐந்து மாதம் கழித்துத்தான் கவனித்தேன்.

வியாபாரி நல்ல பேச்சுக்காரர். புகைக் கட்டுப்பாட்டுப் புது விதி 2023 ஜூலையில் வந்துவிட்டது, பழைய விதிப்படி செய்த செட்டை 2024 ஜூன் 30 வரைதான் விற்க அனுமதி இருந்தது, இது எல்லாருக்கும் தெரிந்ததே. அதையே தூண்டிலாகப் போட்டார். "அண்ணாச்சி, கடைசி ஸ்டாக். ஜூலைக்குப் பொறவு இதே கெப்பாசிட்டிக்கு எவ்வளவு கூடக் கொடுக்கணும்னு விசாரிச்சுப் பாருங்க" என்றார். விசாரித்தோம், அவர் சொன்னது உண்மைதான். பாதி உண்மையைச் சொல்லுகிறவனிடம்தான் நாம் சுலபமாக விழுகிறோம். 13 லட்சத்துக்குப் பேசி முடித்தார்கள். பத்து சதவீதம் பிடித்துவைத்துக்கொண்டு மீதி கொடுத்தாயிற்று.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் செட் வந்து இறங்கியது. பளபளவென்று பச்சை பெயிண்ட், எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரில் பூஜ்யம் மணி. முறையாகச் சோதிப்பதென்றால் லோடு பேங்க் என்ற, சோதனைக்காகக் கரண்டை இழுக்கும் கருவியைக் கொண்டுவந்து கால், அரை, முக்கால், முழு லோடு என்று படிப்படியாக ஏற்றி, முழு லோடில் சில மணி நேரமாவது ஓடவிட வேண்டும். லோடு பேங்க் வாடகை தனி என்றார் வியாபாரி. எங்கள் மேனேஜர், "புது செட்டுக்கு எதுக்குவே அது?" என்று என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். ஒரு பம்பும் லைட்டும் போட்டு இருபது நிமிடம் ஓட்டினோம். டீ வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாட்களில் செட் ஒழுங்காகவே ஓடியது. பகல் வேளைதானே என்று டீசலை மிச்சம் பிடிக்க ப்ளோயரை நிறுத்திவைத்து ஒரு பம்பை மட்டும் ஓட்டுவோம். அதனால் செட்டின் லட்சணம் வெளியே தெரியவில்லை.

ஐப்பசியில் ஒரு ராத்திரி, இடி மின்னலோடு மழை. பதினொன்றரை மணிக்குக் கரண்ட் போனது. செட் தானாகக் கிளம்பியது, எனக்கும் சந்தோஷம். பம்ப் இரண்டும் வந்தன. ப்ளோயர் வந்ததும் கரும்புகை, எஞ்சின் முக்கியது, வோல்டேஜ் 300-க்குக் கீழே இறங்கியது, மோட்டார்களுக்குக் கரண்ட் விடும் காண்டாக்டர் சுவிட்சுகள் படபடவென்று அடித்து எல்லாம் விழுந்துவிட்டது. மறுபடி கிளப்பினோம். டைமர் இல்லாததால் ஆட்டோவில் இருந்த மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடிவந்தன. மூன்றாவது தடவை எஞ்சினே நின்றுபோனது.

சம்ப் நிரம்ப எங்களுக்கு நாற்பது நிமிடம்தான் அவகாசம். மழைத் தண்ணீர் வேறு உள்ளே புகுந்துகொண்டிருந்தது, அரை மணி நேரத்தில் தெரு மேன்ஹோல் வழியாகப் பொங்கிவிட்டது. எதிர் வீட்டு ஆச்சி வாசலில் நின்று எங்களைப் பேசிய பேச்சை எழுத முடியாது. ஆச்சி பேசியதில் தப்பே இல்லை. பொங்கியது பக்கத்து வாய்க்காலில் இறங்கியது. அந்த வாய்க்கால் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வியாபாரிக்கு ராத்திரி போன் போகவில்லை. காலையில் எடுத்தவர், "லோடு கூடப் போட்டிருப்பீய அண்ணாச்சி" என்றார். மாதாந்திர ரிக்கார்டைக் காட்டியதும் பேச்சு மாறியது: "லோடு கம்மியா ஓட்டி நீங்களே எஞ்சினைக் கெடுத்துட்டீய." முப்பது சதவீதத்துக்குக் கீழே அடிக்கடி ஓட்டினால் கரி பிடிக்கும் என்பது நிஜம்தான், அதில் எங்கள் தப்பும் உண்டு. மாதத்துக்கு ஒரு பகல் அப்படி ஓட்டினால் ஐந்தே மாதத்தில் எஞ்சின் செத்துவிடாது.

மின்சாரம் மறுநாள் மத்தியானம் வரை வரவில்லை. கோயில் கொடைகளுக்கு லைட்டும் மைக் செட்டும் போடும் ஒருவர் மினி லாரியில் 62.5 கேவிஏ செட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பம்பை வைத்துச் சம்பை இறக்கினோம். வேலை முடிந்ததும் அவர் எங்கள் புது செட்டைச் சுற்றி வந்தார். குனிந்து அடிச்சட்டத்தைத் தடவினார். நகத்தால் சுரண்டினார். பெயிண்டுக்கு அடியில் பட்டி, பட்டிக்கு அடியில் போல்ட் ஓட்டை. "பாத்தீயளா, இது டிராலியில மாட்டின செட்டு. வாடகைக்கு ஓடுனது. அச்சு மாட்டுற ஓட்டையை அடைச்சு பெயிண்ட் அடிச்சிருக்கான்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே வியர்த்துவிட்டது.

எஞ்சின் தகட்டில் உள்ள சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் சர்வீஸ் பிரிவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பத்து நிமிட வேலை. அது 2016-இல் வேறு ஊரில் வேறு ஒருவருக்கு விற்ற எஞ்சின். ஓடிய மணிக்கணக்கை வைத்திருக்கும் கன்ட்ரோலரை மட்டும் புதிதாக மாற்றியிருக்கிறார்கள், அதனால்தான் மீட்டரில் பூஜ்யம். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும், காற்றை அழுத்திக் கொடுக்கும் டர்போவும் தேய்ந்திருந்தன. இந்தப் போனை மே மாதத்தில் போட்டிருக்கலாமே என்று இன்றுவரை என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து எஞ்சின், அது சுழற்றிக் கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் இரண்டின் எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பணம் கொடுக்கும் முன் அந்த எண்ணை வியாபாரியிடம் கேட்காமல் கம்பெனியிடமே கேளுங்கள். தகட்டில் 160 என்று இருந்தால், அது தொடர்ந்து ஓட்டும் அளவா, அவசரத்துக்கு மட்டுமான அளவா என்பதையும் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல.

சம்பைக் காலையிலேயே இறக்கிவிட்டோம். கிருமித் தொட்டி அப்படிச் சரியாகவில்லை. ப்ளோயர் பதினான்கு மணி நேரம் நின்றதில் காற்றில்லாமல் கிருமிகள் செத்து, பழுப்பாக இருந்த சகதி கறுத்து, முட்டை அழுகிய நாற்றம். கிருமிகள் மறுபடி பெருகச் சாணி கரைத்து ஊற்றி, தொட்டிக்கு வரும் கழிவுநீரைக் குறைத்து, மறுபடி பழைய நிறத்துக்கு வர மூன்று வாரம் ஆனது. ஜெனரேட்டர் என்றால் எல்லாரும் பம்பை மட்டும் யோசிக்கிறார்கள். ப்ளோயரையும் அவசர லோடில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டீசலையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 990 லிட்டர் டேங்க் போதும் என்று எங்களுக்கும் சொன்னார்கள். எங்கள் முழு லோடுக்கு மணிக்கு 25 லிட்டருக்கு மேல் போகும், ஒன்றரை நாள்தான் தாங்கும். 2023-இல் ரோடு அறுந்து கிடந்த நாட்களை எண்ணிப் பாருங்கள்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று வக்கீலைக் கேட்டோம். வியாபார உபயோகத்துக்கு வாங்கியது, அங்கே எடுபடாது என்றார். இப்போது வக்கீல் நோட்டீஸ், போலீசில் கொடுத்த மனுவுக்கு ஒரு ரசீது, கையில் நிற்கும் பத்து சதவீதம், இவ்வளவுதான். வியாபாரி வந்து இன்ஜெக்டரை மாற்றித் தருகிறேன், மனுவை வாபஸ் வாங்குங்கள் என்கிறார். விசாரணைக்குக் கூப்பிட்டபோது அவர் பக்கம் முதல் ஆதாரமாக எடுத்து வைத்தது என் கையெழுத்துப் போட்ட அந்தச் சோதனைத் தாளைத்தான்.