புது லேப்டாப் ஊர்கிறதா? எஸ்எஸ்டி போடலாமா, ரேம் கூட்டலாமா?

2022-ல் அக்கா மகள் பி.காம் சேர்ந்தபோது ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தோம். விண்டோஸ் 11, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். பட்டனை அழுத்திவிட்டு அடுப்பில் பால் வைத்தால், பால் பொங்கிய பிறகுதான் திரை வரும். "மாமா, இது நிஜமாவே புதுசுதானா?" என்று அவள் கேட்டபோது மனசு கஷ்டமாகிவிட்டது.

முதலில் செலவில்லாத வழி. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதன் ஸ்டார்ட்அப் பகுதியில், தானாகத் தொடங்கும் வேண்டாத புரோகிராம்களை நிறுத்தினேன். அரை நிமிடம் மிச்சமானது, அவ்வளவுதான். ஆனால் அங்கேதான் நோய் தெரிந்தது. எதையும் திறக்காமலேயே டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது; சிபியு சும்மாவே இருந்தது.

ஹார்டு டிஸ்கில் தட்டு சுழல வேண்டும், ஹெட் நகர்ந்து நகர்ந்து தேட வேண்டும். ஒரே பெரிய ஃபைல் என்றால் நொடிக்கு 100 எம்பி வரை படித்துவிடும். விண்டோஸ் ஏறும்போதோ சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள். அப்போது 1 எம்பியைத் தொடுவதே பெரிது. எஸ்எஸ்டி என்பது சிப்களில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க்; அதில் சுழல்வது எதுவுமே இல்லை. சாட்டா என்ற பழைய இணைப்பு வகையே நொடிக்கு 500 எம்பியைத் தொடும், என்விஎம்இ என்ற புதிய வகை அதைவிடப் பல மடங்கு. ஆனால் பூட் ஆகும், அதாவது லேப்டாப் தொடங்கும் நேரத்தில் இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. உங்கள் லேப்டாப்பில் எதற்கு இடம் இருக்கிறதோ அதையே வாங்குங்கள்.

ரேம்? திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம் அது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி என்பது குறைந்தபட்ச அளவு. கூட்டினால் பூட் நேரம் பெரிதாகக் குறையாது. அதன் பலன் அப்புறம்தான், குரோமில் பத்து டேப் திறக்கும்போது. ரேம் நிறைந்தால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் இறக்கி வைக்கும். அது ஹார்டு டிஸ்காக இருந்தால் மவுஸ் கூட உறைந்துவிடும். அதனால் எஸ்எஸ்டி முதலில், 8 ஜிபி ரேம் அடுத்து. சில மெல்லிய மாடல்களில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்றவே முடியாது.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் லேசானது, எனக்குப் பிடித்ததும் கூட. ஆனால் அவளுக்கு டாலி என்ற கணக்கு மென்பொருள் வேண்டும், அதற்கு விண்டோஸ் வேண்டும்.

256 ஜிபி எஸ்எஸ்டி போட்டதும் இருபது நொடியில் திரை வந்துவிட்டது. வாரன்டி இருக்கும்போது மூடியை நீங்களே கழற்றாதீர்கள், சர்வீஸ் சென்டரில் கேட்டுச் செய்யுங்கள். லேப்டாப்போடு வந்த விண்டோஸ் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது. டிஸ்க் மாற்றியதற்காக அதைப் புதிதாக வாங்கச் சொன்னால் காசு கொடுக்காதீர்கள்.