ஆட்டோ லெவல் அருமை, கூட வந்த ஸ்டாஃப் கோல்தான் உயிரை வாங்குது

நர்சரி வச்சிருக்கற ஃப்ரெண்ட் ஒருத்தர் இனி லேண்ட்ஸ்கேப் வேலையும் எடுக்கப் போறாராம், மேடு பள்ளம் பாக்கற டெலஸ்கோப் கருவி, அதான் ஆட்டோ லெவல், அதை வாங்கட்டுமா இல்ல தண்ணி ஊத்திப் பாக்கற டியூப் லெவலே போதுமாங்கன்னு கேட்டார். நம்ம லெவல் இப்பதான் சர்வீஸ் முடிஞ்சு கைக்கு வந்திருக்கு, அதனால சூட்டோட எழுதிடறேன். 32 மடங்கு பெருசாக் காட்டற (32எக்ஸ்) லெவல், அலுமினியம் ட்ரைபாட், 5 மீட்டர் ஸ்டாஃப் (அளவு போட்ட கோல்), எல்லாரும் வச்சிருக்கற அதே செட்தான்.

லெவல் மேல குறையே சொல்ல மாட்டேன். நமக்கு பொள்ளாச்சி பக்கம் தோப்பு வீட்டு வேலைதான் அதிகம், தோப்புக்குள்ள வாட்டம் கண்ணுக்குப் பிடிபடவே பிடிபடாது, வீட்டுக்காரர் தண்ணி ரோட்டுப் பக்கம்தான் போகும்னு அடிச்சு சொல்லுவார், லெவல் வச்சா வீட்டுப் பக்கம் இறங்கியிருக்கும். வீட்டு ஓரத்துல ஒரு மார்க் போட்டு அதை 100.000 மீட்டர்னு வச்சுக்கங்க, அது மேல ஸ்டாஃப் நிறுத்திப் படிச்சதைக் கூட்டினா லெவல் நிக்கற உயரம், அப்பறம் ஒவ்வொரு புள்ளியோட ரீடிங்கையும் அதுல கழிச்சுட்டே போனா மொத்த இடத்தோட மேடு பள்ளமும் நோட்டுல வந்துரும். டியூபுக்குள்ள தண்ணி ஆடி அடங்கற வரைக்கும் ரெண்டு பேர் நின்னுட்டிருக்கறதெல்லாம் கிடையாது. லெவலுக்குள்ள தெரியற மேல் கோட்டு ரீடிங்குக்கும் கீழ் கோட்டு ரீடிங்குக்கும் உள்ள வித்தியாசத்தை 100ஆல பெருக்கினா தூரமும் கிடைக்கும், டேப் இழுக்கற வேலை பாதி மிச்சம், வாங்கும்போது இதை நான் எதிர்பார்க்கவே இல்ல.

இப்ப ஸ்டாஃப். ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கற துண்டுகளை இழுத்து நீட்டறது இது, அந்தத் துண்டுகளைப் பிடிச்சு நிறுத்தறது ஒரு சின்ன ஸ்பிரிங் பட்டன்தான், செம்மண் தூசி உள்ள போயிட்டா அது முழுசா வெளிய வராது, ஓட்டையும் தேய்ஞ்சுருக்கும், துண்டு கொஞ்சம் இறங்கி உக்காந்துரும், பிடிக்கற ஆளுக்கும் தெரியாது பாக்கறவருக்கும் தெரியாது. முதல் துண்டு சுமார் 1.2 மீட்டர்லயே முடிஞ்சுருது, நின்னு பாக்கற மாதிரி ட்ரைபாட் போட்டா லெவல் உயரம் 1.4, 1.5 வரும், அப்ப சமதளத்துல எடுக்கற ரீடிங் பூரா அந்த நாசமாப்போன ஜாயின்ட்டுக்கு மேலதான் விழும்! துண்டு 10 மில்லிமீட்டர் இறங்கினா ரீடிங் 10 மில்லிமீட்டர் கூடக் காட்டும், தரை பள்ளமா இருக்கற மாதிரி தெரியும், அங்க மண்ணைக் கொட்டுவோம். 3 மீட்டர் பாதைக்கு நூத்துக்கு ஒண்ணு வாட்டம்னா மொத்த இறக்கமே 3 சென்டிமீட்டர், அதுல மூணுல ஒரு பங்கு இந்தப் பட்டன்லயே போச்சு. ஐப்பசி மழைல பாதைல பதிச்ச பேவர் கல் மேல தண்ணி நின்னா திட்டு வாங்கறது பட்டன் இல்ல, நாமதான்.

நியாயமா சொல்லணும்னா சைட்ல ஆளுங்க அதைத் தூக்கிப் போடற போடுக்கு எந்த ஸ்டாஃபும் தாங்காது. ஆனா சைட்ல தூசி இருக்கும்னு அதைச் செய்யறவங்களுக்குத் தெரியாதா? சர்வீஸ்ல லெவலை மட்டும்தான் பார்த்துக் கொடுக்கறாங்க, ஸ்டாஃபைக் காட்டினா புதுசு வாங்கிக்கங்கன்னு ஒரே பதில்.

இப்ப நான் செய்யறது என்னன்னா, காலைல ஸ்டாஃபை நீட்டினதும் அடியில இருந்து 2 மீட்டர் கோடு வரைக்கும் ஸ்டீல் டேப் வச்சு அளந்துருவேன். இடம் சமமா இருந்தா ட்ரைபாட் காலை அகட்டி மண்டி போட்டுப் பாக்கறேன், ரீடிங் முதல் துண்டுக்குள்ளயே விழுந்துரும், முட்டி வலிக்குது ஆனா நம்பிக்கையா இருக்கு. பிடிக்கறவரை ஸ்டாஃபை முன்னயும் பின்னயும் மெதுவா சாய்க்கச் சொல்லுங்க, வர்றதுலயே குறைஞ்ச ரீடிங்தான் சரியானது. லெவலையும் சும்மா நம்பாதீங்க, ஒண்ணுக்கொண்ணு 60 மீட்டர் தள்ளி ரெண்டு முளை அடிச்சு, லெவலை நடுவுல வச்சு ரெண்டு முளை ரீடிங்குக்கும் வித்தியாசம் எடுங்க, அப்பறம் ஒரு முளைக்குப் பக்கத்துல வச்சு எடுங்க, ரெண்டும் ஒண்ணா வரலைன்னா சர்வீஸுக்குக் கொடுத்துருங்க.

ஃப்ரெண்ட் லேசர் லெவலைப் பத்தியும் கேட்டார், கோடு போடற டைப் வெயில்ல கண்ணுக்கே தெரியாது, ஒளியைப் பிடிக்கற டிடெக்டரோட வர்ற, சுத்தற டைப் (ரோட்டரி) வேணும், அது வேற பட்ஜெட்.

வாங்கலாமான்னா, இவ்ளோ புகழ்ந்துட்டும் சொல்றேன், செட்டா வாங்காதீங்க. லெவலை வாடகைக்கு எடுங்க, ஸ்டாஃபை மட்டும் கடைல நின்னு ஒவ்வொரு பட்டனா அமுக்கிப் பார்த்து, டேப் வச்சு அளந்து சொந்தமா வாங்கி, உறை போட்டு வீட்லயே வச்சுக்கங்க.