முதுகில் நீர் எடுக்கும் முன் எந்த ஊசி என்று கேளுங்கள்

லம்பர் பங்சர், அதாவது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரை முதுகில் ஊசி குத்தி எடுப்பது, எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது, வேறு வேறு மருத்துவமனைகளில்.

முதல் இடத்துக்கு இரண்டு நட்சத்திரம். நீரை ஒழுங்காகத்தான் எடுத்தார்கள், ஆனால் என்ன ஊசி, அப்புறம் என்ன ஆகலாம் என்று யாரும் வாய் திறக்கவில்லை. அசையாமல் படுத்திருந்தால் தலைவலி வராது என்றார்கள், நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன். மறுநாள் எழுந்து உட்கார்ந்ததும் பின்மண்டையிலிருந்து நெற்றி வரை கவ்விப் பிடித்தது. படுத்தால் விடும், எழுந்தால் மறுபடி பிடிக்கும். பல் துலக்கக்கூட நிற்க முடியாமல் ஐந்து நாள்.

குத்திய துளை வழியாக நீர் கசிவதால் வரும் வலி இது, படுத்துக்கிடந்து தடுக்க முடியாது. ஊசியை மாற்றினால் குறைக்கலாம். வழக்கமான ஊசி அந்த நீரை மூடியிருக்கும் சவ்வை வெட்டிக்கொண்டு போகும், பென்சில் முனை ஊசியோ சவ்வின் இழைகளை விலக்கிக்கொண்டு போகும், எடுத்ததும் துளை சுருங்கிவிடும். 2018இல் லான்செட் இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பில் வெட்டும் ஊசிக்கு 11 சதவீதம் பேருக்குத் தலைவலி, பென்சில் முனைக்கு 4.2தான்.

இரண்டாவது இடத்துக்கு ஐந்து நட்சத்திரமும் கொடுப்பேன். பென்சில் முனை ஊசி இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன், டாக்டர் உறையைப் பிரிக்காமலே கையில் கொடுத்துக் காட்டினார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்களா என்று கேட்டார், பிளேட்லெட் அளவு பார்த்தார், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். மண்டைக்குள் கட்டியோ வீக்கமோ இருக்கும்போது கீழே நீரை எடுத்தால் மூளை கீழ்நோக்கி நழுவும் ஆபத்து உண்டு, சந்தேகம் வந்தால் முதலில் ஸ்கேன் எடுத்துவிடுவோம் என்றார். முகக்கவசம் போட்டுக்கொண்டு, இடுப்பெலும்பின் மேல் விளிம்பை விரலால் தடவிப் பேனாவால் குறி வைத்தார். பெரியவர்களுக்குத் தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது என்று அவர் சொன்ன பிறகுதான், கால் விளங்காமல் போய்விடுமோ என்ற பயம் எனக்குப் போனது. நீர் எடுத்து முடிந்ததும், ஊசிக்குள் முதலில் இருந்த மெல்லிய கம்பியைத் திரும்பச் செருகிவிட்டுத்தான் ஊசியை உருவினார், அதுவும் தலைவலியைக் குறைக்குமாம்.

இந்த முறை தலைவலி இல்லை, குத்திய இடத்தில் மட்டும் இரண்டு நாள் வலி. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாளில் எழுதியே கொடுத்தார்கள்: காய்ச்சல், கழுத்து விறைப்பு, கால் மரத்துப்போவது, சிறுநீர் போக முடியாமல் இருப்பது, இதில் எது வந்தாலும் நடுராத்திரி ஆனாலும் உடனே வாருங்கள் என்று.