சீனக்குடா விமானமா, இரவுக் கோச்சியா?

திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போக சீனக்குடா விமான நிலையத்தில் ஏறுவதா, கோச்சியில் (ரயிலில்) போவதா என்று எங்கள் வீட்டில் எப்போதும் இழுபறிதான்.

நேரம்: செஸ்னா கரவன் மாதிரிச் சின்ன விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கோச்சி கல்ஓயாச் சந்தி வழியாக விடிய விடிய ஓடும். ஆனால் விமானம் கட்டுநாயக்கவில் இறக்கினால், கொழும்புக்கு இன்னும் 30 கிலோமீற்றர் வாகனத்தில் போகவேண்டும். கோச்சி கொழும்புக் கோட்டை நிலையத்திலேயே விடும்.

காசு: கேட்கவே வேண்டாம், கோச்சிதான்.

சாமான்: விமானத்தில் எடைக்கணக்கு கடுமை. கருவாட்டுப் பொதி கோச்சி இருக்கைக்கடியில் பேசாமல் கிடக்கும். (மணம் வேறு கதை.)

காட்சி: கரவனுக்கு இறக்கை மேலே, ஜன்னலுக்குக் கீழே மறைப்பில்லை. கொட்டியாரக்குடாவைப் பார்க்கவே ஒருமுறை ஏறலாம்.

கட்டுநாயக்கவில் வெளிநாட்டு விமானம் பிடிப்பவருக்குச் சீனக்குடா சரி. ஆஸ்பத்திரி, கந்தோர் அலுவல் என்றால் இரவுக் கோச்சி.