டைனகோ ஸ்டீரியோ 70க்கு எந்த இஎல்34?

1959இல் அமெரிக்காவில் வெளிவந்த டைனகோ ஸ்டீரியோ 70 ஆம்ப்ளிஃபயர் இன்னும் பல வீடுகளில் பாடிக்கொண்டிருக்கிறது. சேனலுக்கு 35 வாட். அதைத் தருபவை நான்கு இஎல்34 வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்). அவை தேய்ந்ததும் கேள்வி வருகிறது: இங்கிலாந்தின் பழைய முல்லார்ட் நிறுவன வால்வா, இன்றைய தயாரிப்பா, இல்லை வேறு வகை வால்வுகளான கேடி77ஆ, கேடி88ஆ? என் ஓட்டு இன்றைய தயாரிப்புக்கு.

பிளாக்பர்ன் ஆலையில் தயாரான முல்லார்டின் பெயர் சும்மா வந்ததல்ல. நீடித்து உழைக்கும், பாடகர் குரல் அதில் தனி அழகு. வாங்குவதுதான் சிரமம். மேலே அச்சிட்ட பெயரை நம்பாதீர்கள், யாரும் அச்சடிக்கலாம். கண்ணாடியின் அடிப்பகுதியில் சின்னதாகப் பொறித்த குறியீட்டைத் தேடுங்கள்: முதல் வரியில் எக்ஸ்எஃப்2 போன்ற ஒன்று, இரண்டாம் வரி ‘பி’ எழுத்தில் தொடங்கினால் பிளாக்பர்ன். இன்று கடையில் புதுப் பெட்டியில் வரும் முல்லார்ட் ரஷ்யாவின் சரடோவ் ஆலைச் சரக்கு. மோசமில்லை, ஆனால் பெயர் மட்டுமே பழையது. சீமென்ஸ் என்று விற்கும் பழைய இஎல்34களிலும் கிழக்கு ஜெர்மனியின் ஆர்எஃப்டி தயாரிப்பு உண்டு; அதை நல்ல வால்வு என்றே சொல்வேன்.

பழையதற்குப் பல மடங்கு விலை கொடுக்கும் முன் ஆம்ப்ளிஃபயரின் அடிப்பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். வால்வு எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது பயஸ். இதன் பயஸ் மின்சுற்றில் இருப்பது செலினியம் ரெக்டிஃபயர் (ஏசியை டிசியாக மாற்றும் பாகம்). அது தளர்ந்தால் கிரிட்டுக்கு (வால்வின் கட்டுப்பாட்டுக் கம்பிவலை) போகும் நெகட்டிவ் வோல்டேஜ் குறையும், வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும், உள்ளிருக்கும் பிளேட் என்ற உலோகத் தகடு சிவந்துவிடும். முந்தைய கட்டத்திலிருந்து ஒலி சிக்னலை மட்டும் கடத்தும் கப்ளிங் கெபாசிட்டர் கசிந்தாலும் இதே கதிதான். பிளாக்பர்ன் வால்வு என்பதற்காக அது தப்பிக்காது. முதல் செலவு சிலிக்கான் டயோடுக்கும் கெபாசிட்டர்களுக்கும் போகட்டும்.

இன்றைய தயாரிப்பில் முக்கியப் போட்டி ஸ்லோவாக்கியாவின் ஜேஜேக்கும் சரடோவின் எலக்ட்ரோ-ஹார்மானிக்ஸுக்கும். என் காதுக்கு ஜேஜேயில் பாஸ் கொஞ்சம் கனம், மேல் ஸ்தாயி மென்மை. மற்றதில் மேல் ஸ்தாயி சற்றுத் தூக்கல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அடையாளம் சொல்வேனா என்பது வேறு விஷயம். சோவ்டெக், டங்-சால், ஜெனலெக்ஸ் கோல்ட் லயன் எல்லாம் அதே சரடோவ் ஆலையின் பெயர்கள்தான். 2022இல் ரஷ்யா ஏற்றுமதித் தடை அறிவித்தபோது எல்லாம் ஒரே நேரத்தில் ஆட்டம் கண்டன. அதனாலும் நான் ஜேஜே பக்கம்.

கேடி77 அப்படியே சாக்கெட்டில் உட்காரும், பயஸைத் திருத்தினால் போதும். மாற்றம் வேண்டுமென்பவர்கள் தயங்காமல் போட்டுப் பார்க்கலாம். கேடி88 வேண்டாம். ஒவ்வொன்றின் ஹீட்டரும் 1.6 ஆம்பியர் கேட்கும், இஎல்34க்கு 1.5 போதும். நான்குக்குமாக 0.4 ஆம்பியர் கூடுதல் சுமை, ஏற்கெனவே கொதிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தலையில். சப்ளை வோல்டேஜும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் மாறாததால் வாட்டும் பெரிதாகக் கூடாது.

எதை வாங்கினாலும் ஜோடி பொருந்தியிருக்க வேண்டும். ஒரு சேனலின் இரண்டு வால்வுக்கும் ஒரே பயஸ் திருகுதான். தனித்தனியாகச் சரிசெய்ய வழியில்லை. ஒன்று அதிகமாக இழுத்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் சமநிலை இழந்து பாஸ் மெலியும். நான்கும் பொருந்திய செட்டுக்குக் கூடுதல் விலை கேட்பார்கள், இங்கே அது தேவையில்லை. இரண்டு நல்ல ஜோடிகள் போதும்.

கையேடு சொல்லும் பயஸ் 1.56 வோல்ட். ஜோடிக்குப் பொதுவான 15.6 ஓம் ரெசிஸ்டரில் அது 100 மில்லிஆம்பியர், அதாவது வால்வுக்கு 50. பிளேட்டில் 400 வோல்ட்டுக்கு மேல் இருப்பதால் 20 வாட்டைத் தாண்டும். இஎல்34இன் வரம்பு 25. நான் 1.3 வோல்ட்டில் நிறுத்துவேன். ஒலியில் குறை தெரியாது, வால்வு கூடுதல் காலம் வரும். நம்மூர் 230 வோல்ட்டில் ஓட்டுபவர்கள் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் உண்மையில் எத்தனை வோல்ட் தருகிறது என்று அளந்த பிறகே பயஸைத் தொடவும்.

ஒரே ஓர் இடத்தில் பழையதற்கே என் ஓட்டு: ஜிஇசட்34 ரெக்டிஃபயர் வால்வு. உங்கள் ஆம்ப்ளிஃபயரில் பிளாக்பர்ன் ஜிஇசட்34 இன்னும் வேலை செய்தால் கழற்றாதீர்கள். இஎல்34 செட்டுகள் இரண்டு மூன்று போன பிறகும் அது ஓடும்.